பாட்டனின் பீடியும் பேரனின் சிகரெட்டும்: நிகோட்டின் சார்பை ஒரே கோலால் அளக்க முடியுமா?

காவேரிப்பட்டணத்தை அடுத்த ஒரு சிற்றூரில் 1955ஆம் ஆண்டு பிறந்த ஒருவர் சேலம் மாவட்டத்துக்காரர். 1965 அக்டோபரில் தருமபுரி தனி மாவட்டமான பிறகு அதே வீட்டில் பிறந்த அவருடைய மகன் தருமபுரி மாவட்டத்துக்காரர். 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிந்த பிறகு பள்ளிக்கூடம் சேர்ந்த பேரனின் சான்றிதழ்களிலோ கிருஷ்ணகிரி என்றே அச்சாகியிருக்கும். வீடு ஓர் அங்குலமும் நகரவில்லை, பெயர்தான் மாறிக்கொண்டே வந்தது. இந்த மூவரிடமும் புகைப்பழக்கம் பற்றிய ஒரே வினாப்படிவத்தை நீட்டினால் நடப்பது இதற்குத் தலைகீழானது. சொற்கள் அப்படியே இருக்கின்றன. அந்தச் சொற்கள் எதைத் தொட்டு அளக்கின்றனவோ அது ஆளுக்கு ஆள், தலைமுறைக்குத் தலைமுறை நகர்ந்துவிடுகிறது.

செவிலியர் கல்லூரியிலோ சமூகப்பணித் துறையிலோ படிக்கும் மாணவர்கள், ‘எங்கள் ஊரில் மூன்று தலைமுறை ஆண்களிடையே நிகோட்டின் சார்பு’ என்பது போன்ற தலைப்பை ஆர்வத்தோடு எடுத்துக்கொள்வதுண்டு. நல்ல தலைப்புதான். சார்பு என்பது இங்கே, புகையிலையிலுள்ள நிகோட்டின் இல்லாமல் இருக்க முடியாத நிலை. ஆனால் மூன்று குழுக்களின் சராசரி மதிப்பெண்ணைக் கணக்கிட்டு, பாட்டன்மார்க்கு இவ்வளவு, பேரன்மார்க்கு இவ்வளவு என்று எழுதுவதற்கு முன்னால், அந்த மதிப்பெண்கள் ஒரே கோலால் அளக்கப்பட்டவைதாமா என்று பார்த்தாக வேண்டும். அந்தப் பார்வை எப்படிச் செய்யப்படுகிறது என்பதைத் தொடக்கநிலையில் இருப்பவர்களுக்குச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில், எதை அளக்கிறோம்? புகையை இழுத்த சில விநாடிகளில், ஏறத்தாழ 10 முதல் 20 விநாடிகளுக்குள், நிகோட்டின் மூளையை அடைகிறது. அங்குள்ள ஏற்பிகளில் அது ஒட்டிக்கொள்ளும்போது டோப்பமின் என்ற வேதிப்பொருள் சுரந்து ஒரு நிறைவுணர்வு உண்டாகிறது. மீண்டும் மீண்டும் இது நிகழும்போது மூளை அதற்குப் பழகிப்போய், நிகோட்டின் இல்லாத நேரத்தில் எரிச்சல், பதற்றம், கவனச்சிதறல் என்று குறைப்படத் தொடங்குகிறது. இரத்தத்தில் நிகோட்டினின் அரைவாழ்வு ஏறக்குறைய 2 மணி நேரம். அதாவது 2 மணி நேரத்துக்கு ஒருமுறை அதன் அளவு பாதியாகிறது. இரவு 8 மணி நேரம் உறங்கி எழுபவரின் இரத்தத்தில், படுக்கும்போது இருந்ததில் பதினாறில் ஒரு பங்குதான் மீந்திருக்கும். ஆகவே கண் விழித்த முதல் சில நிமிடங்களிலேயே கை பீடிக்கட்டைத் தேடுகிறதா, அல்லது காலை உணவு முடியும் வரை அந்த நினைவே வராமல் இருக்கிறதா என்பது, மூளை எந்த அளவுக்கு நிகோட்டினுக்குப் பழகிவிட்டது என்பதைக் காட்டும் நல்ல அடையாளம்.

சார்பு என்பது எத்தனை புகைக்கிறார் என்ற எண்ணிக்கை அல்ல. வாரக்கடைசியில் நண்பர்களோடு ஒரு பெட்டியைத் தீர்த்துவிட்டுத் திங்கள் முதல் வெள்ளி வரை தொடாமல் இருப்பவரையும், நாளுக்கு ஐந்தே பீடி பிடித்தாலும் அந்த ஐந்தில் ஒன்று தவறினால் நிலைகொள்ளாமல் தவிப்பவரையும் எண்ணிக்கை ஒன்றை மட்டும் வைத்துப் பிரித்துவிட முடியாது. சார்பு கண்ணுக்குத் தெரியாத ஒரு பண்பு. தெரியும் சில அடையாளங்களைக் கேட்டறிந்து, அவற்றிலிருந்து தெரியாததை ஊகிக்கிறோம். சிக்கல் முழுவதும் அந்த ஊகத்தில்தான் இருக்கிறது.

ஆறு கேள்விகள்

உலகெங்கும் மிகுதியாகப் பயன்படும் கருவி, ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் கார்ல் ஃபேகர்ஸ்ட்ராமின் பெயரால் அறியப்படுவது. 1978இல் அவர் வெளியிட்ட வினாப்படிவத்தை 1991இல் டாட் ஹெதர்டன் முதலானோர் அவருடன் சேர்ந்து திருத்தி, ஆறு கேள்விகள் கொண்ட இன்றைய வடிவத்தைத் தந்தார்கள். விழித்தெழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட்? 5 நிமிடத்துக்குள் என்றால் 3 மதிப்பெண், அரை மணிக்குள் 2, ஒரு மணிக்குள் 1, அதற்கு மேல் 0. நாளுக்கு எத்தனை? 10 வரை 0, 20 வரை 1, 30 வரை 2, அதற்கு மேல் 3. மற்ற நான்குக்கும் ஒரு மதிப்பெண் வீதம்: தடைசெய்யப்பட்ட இடங்களில் புகைக்காமல் இருப்பது கடினமாக இருக்கிறதா, எந்தச் சிகரெட்டை விடுவதற்கு மனம் வராது (காலையின் முதல் சிகரெட் என்றால் 1), விழித்த பின் முதல் சில மணி நேரங்களில் மற்ற நேரத்தைவிட அதிகம் புகைக்கிறீர்களா, படுத்த படுக்கையாக நோயுற்றிருக்கும்போதும் புகைப்பீர்களா. மொத்தம் 10. வழக்கமான பகுப்பில் 2 வரை மிகக் குறைவு, 3, 4 குறைவு, 5 நடுத்தரம், 6, 7 அதிகம், 8 முதல் மிக அதிகம்.

இப்போது கற்பனையாக ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பாட்டனார் எழுபது வயதுக்காரர், கேழ்வரகும் மாங்காயும் விளைவிப்பவர். விழித்ததும் இடுப்பு மடிப்பிலிருந்து பீடியை எடுப்பார் (3). தடைசெய்த இடத்தில் சிரமமா என்றால், ‘நமக்கு யாருப்பா தடை போடறது?’ என்பார் (0). காலைப் பீடியை விடவே முடியாது (1). நாளுக்கு 25 பீடி (2). காலையில்தான் அதிகம் (1). காய்ச்சலில் படுத்தாலும் உண்டு (1). மொத்தம் 8. பேரன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் முறைப்பணி (ஷிஃப்ட்) பார்ப்பவர், இருபத்து நான்கு வயது. விழித்து 20 நிமிடத்தில் டீக்கடையில் முதல் சிகரெட் (2). ஆலைக்குள் புகைக்காமல் இருப்பது கடினம் (1). மிகவும் விரும்புவது வேலை முடிந்து வாசலில் பற்றவைப்பதை (0). நாளுக்கு 7 (0). காலையில் அதிகம் என்று இல்லை (0). உடம்பு சரியில்லாதபோது தொடமாட்டார் (0). மொத்தம் 3.

8க்கும் 3க்கும் இடையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். பழைய தலைமுறை கடுமையாகச் சிக்கியிருக்கிறது, புதிய தலைமுறை லேசாகத்தான் தொட்டிருக்கிறது என்று எழுதிவிடக் கை துடிக்கும். கொஞ்சம் பொறுத்து, கேள்விகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்போம்.

எண்ணிக்கைக் கேள்வி தொழிற்சாலைச் சிகரெட்டை அலகாக வைத்து எழுதப்பட்டது. ஒரு சிகரெட்டில் ஏறத்தாழ முக்கால் கிராம் புகையிலை இருக்கும். தெண்டு இலையில் சுருட்டிய பீடியில் ஏறத்தாழ கால் கிராமுக்கும் குறைவு, சுமாராக 0.2 கிராம். பாட்டனாரின் 25 பீடியும் பேரனின் 7 சிகரெட்டும் புகையிலை எடையில் ஏறக்குறைய 5 கிராம்தான். ஆனால் கேள்வி ஒருவருக்கு 2 மதிப்பெண்ணையும் மற்றவருக்கு 0வையும் தருகிறது. அதற்காக எடையை மட்டும் வைத்துச் சமன் செய்துவிடவும் கூடாது. பீடி அடிக்கடி அணைந்துவிடும் என்பதால் விடாமல் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். பீடிப் புகையிலையில் நிகோட்டின் செறிவும் பொதுவாக அதிகம். ஆக, எந்தப் பக்கம் எவ்வளவு கூட்டுவது என்பதை எண்ணிக்கை சொல்லாது. இந்தியாவில் இதைச் சிறு விதிவிலக்கென்று ஒதுக்கவும் முடியாது. 2016–17இல் நடந்த உலகளாவிய வயதுவந்தோர் புகையிலை ஆய்வின்படி, நாட்டில் வயதுவந்தோரில் 7.7 விழுக்காட்டினர் பீடியும் 4 விழுக்காட்டினர் சிகரெட்டும் புகைத்தனர். அலகாக வைக்கப்பட்ட பொருள்தான் இங்கே சிறுபான்மை.

இதைவிட எளிய தடுமாற்றமும் உண்டு. படிவத்தில் ‘சிகரெட்’ என்று அச்சிட்டுக்கொண்டு போனால் பெரியவர்கள் பலர், ‘நான் சிகரெட்டெல்லாம் தொடறதே இல்ல’ என்று முடித்துவிடுவார்கள். அவர்கள் சொல்வது பொய்யில்லை. அவர்கள் பீடி குடிப்பவர்கள், இளைஞர்கள் தம் அடிப்பவர்கள். ‘புகைபிடித்தல்’ என்ற பொதுச்சொல் அறிவிப்புப் பலகையில் மட்டும் வாழ்கிறது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் போனால் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகள் வேறு. தமிழ்ப் படிவத்தை மட்டும் சரிசெய்வது போதாது.

தடைசெய்யப்பட்ட இடம் பற்றிய கேள்விதான் தலைமுறைகளுக்கு இடையில் மிக அதிகமாகச் சறுக்குகிறது என்பது என் கருத்து. ஆங்கில மூலத்தில் தேவாலயம், நூலகம், திரையரங்கு ஆகியவை எடுத்துக்காட்டாகத் தரப்பட்டிருக்கின்றன. பாட்டனாரின் நாளில் பெரும்பகுதி கழனியிலும் மாந்தோப்பிலும் கழிகிறது. நூலகத்துக்கு அவர் போவதில்லை. திரையரங்குக்குப் போன காலத்தில் அங்கே புகை மண்டிக் கிடந்தது. பொது இடங்களில் புகைபிடிப்பதைத் தடுக்கும் சட்டம் 2003இல் வந்து, விரிவான விதிகள் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தது 2008 அக்டோபர் 2ஆம் நாள். பேரன் புகைபிடிக்கத் தொடங்கியதே அந்தத் தடைக்குப் பிறகு. அவருடைய எட்டு மணி நேர வேலை முழுவதும் தடை உள்ள இடத்தில்தான் நடக்கிறது. எனவே ‘கடினம்’ என்று அவர் சொல்வதில் சார்பு எவ்வளவு, ஆலை விதி எவ்வளவு? ‘கடினமில்லை’ என்று பாட்டனார் சொல்வதில் சார்பின்மை எவ்வளவு, திறந்தவெளி எவ்வளவு? நம் ஊரில் பலகை மாட்டாத தடை ஒன்றும் இருக்கிறது. தகப்பன், பெரியப்பன், மாமனார் முன்னால் பீடி பற்றவைக்கக் கூடாது. பெரியவர் ஒருவர் எதிரே வந்துவிட்டால், எரியும் சிகரெட்டைக் கைக்குள் மறைத்துக்கொண்டு சுடுவதைப் பொறுத்துக்கொள்ளும் இளைஞனை எந்தப் பேருந்து நிறுத்தத்திலும் பார்க்கலாம். வயது ஏற ஏற இந்தத் தடை கழன்றுவிடுகிறது, ஏனென்றால் மறைக்க வேண்டிய பெரியவர்களே மிச்சமில்லை. ஸ்வீடனில் இருந்து வந்த கேள்விக்கு இது தெரியாது.

காலையின் முதல் பீடியை விட மனம் வராது என்பதற்கும் இங்கே வேறொரு காரணம் உண்டு. ‘பீடி பத்தவச்சாத்தான் வெளிக்கிப் போக வரும்’ என்று சொல்லும் பெரியவர்கள் ஏராளம். காலைக்கடனோடு பின்னிப்போன வழக்கம் அது. மூளையின் நிகோட்டின் பசியும் அதில் இருக்கலாம், அறுபது ஆண்டுப் பழக்கத்தின் வரிசைமுறையும் இருக்கலாம். பேரனுக்கோ ‘காலை’ என்ற சொல்லே ஆட்டம் காண்கிறது. இரவுமுறை முடித்து வந்து பிற்பகல் 3 மணிக்குக் கண் விழிப்பவரிடம் காலைச் சிகரெட்டைப் பற்றிக் கேட்டால், அவர் படுக்கப் போவதற்கு முன் பிடித்ததைத்தான் சொல்வார்.

நோய்ப்படுக்கைக் கேள்வியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆண்டு முழுதும் இருமலோடு வாழும் முதியவர் நினைவிலிருந்து பதில் சொல்கிறார். படுத்தே பழகாத இருபத்து நான்கு வயதுக்காரர் கற்பனையிலிருந்து சொல்கிறார்.

நம்பகத்தன்மை என்பது என்ன, என்ன அல்ல

இவ்வளவு குறைகளையும் கேட்டபின் ஒரு மாணவர், ‘ஆனால் இந்தக் கருவியின் நம்பகத்தன்மை ஏற்கெனவே நிறுவப்பட்டதுதானே, ஆல்ஃபா மதிப்பு இருக்கிறதே’ என்று கேட்கக்கூடும். நியாயமான கேள்வி.

நம்பகத்தன்மை என்றால், அளந்ததையே மீண்டும் அளந்தால் ஏறக்குறைய அதே எண் வருவது. ஒரே ஆளிடம் இரண்டு வாரம் கழித்துக் கேட்டுப் பார்ப்பது ஒரு வழி. ஒரே நேரத்தில் கேட்ட ஆறு கேள்விகளும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பது மற்றொரு வழி. இரண்டாவது வழிக்குப் பயன்படும் எண்தான், லீ க்ரான்பாக் 1951இல் எழுதிய கட்டுரையால் பெயர்பெற்ற ஆல்ஃபா. அது 1ஐ நெருங்க நெருங்கக் கேள்விகள் ஒரே குரலில் பேசுகின்றன என்று பொருள்; 0.7க்கு மேல் இருந்தால் ஏற்கலாம் என்பது பரவலான வழக்கம். ஃபேகர்ஸ்ட்ராம் கருவிக்கு 1991ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே கிடைத்தது 0.61தான். கேள்விகள் ஆறே என்பதும் அவற்றில் நான்கு இருநிலைப் பதில் கொண்டவை என்பதும் இதற்குக் காரணங்களில் சில.

மாணவர்கள் தவறவிடும் செய்தி ஒன்று: ஆல்ஃபா கருவியோடு ஒட்டிப் பிறந்த குணம் அன்று, கேட்கப்பட்ட கூட்டத்தையும் சேர்த்தே அது அமைகிறது. இளைஞர்கள் எல்லோரும் நாளுக்கு 10க்குக் கீழே புகைப்பவர்களாக இருந்தால், எண்ணிக்கைக் கேள்வியில் எல்லோருக்கும் 0. எல்லோருக்கும் ஒரே பதில் வரும் கேள்வி யாரையும் யாரிடமிருந்தும் பிரிப்பதில்லை. அது கணக்கில் இருந்தும் இல்லாதது போலாகி, ஆறு கேள்விக் கருவி ஐந்து கேள்விக் கருவியாகச் சுருங்கி, ஆல்ஃபாவும் இறங்கும். எனவே மூன்று தலைமுறைகளையும் ஒன்றாகக் கொட்டிக் கணக்கிட்ட ஒரே ஆல்ஃபா நமக்கு எதையும் சொல்லாது. குழுவுக்கு ஒன்றாகத் தனித்தனியே கணக்கிட வேண்டும்.

அப்படிக் கணக்கிட்டு மூன்றிலும் நல்ல ஆல்ஃபா வந்துவிட்டாலும் ஒப்பீடு சரியாகிவிடாது. இங்கேதான் தொடக்கநிலையாளர்கள் தடுக்கி விழுகிறார்கள். பாலக்கோடு தக்காளிச் சந்தையில் இரண்டு தராசுகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றில் தட்டின் அடியில் யாரோ 200 கிராம் புளியை ஒட்டிவைத்திருக்கிறார்கள். அது எத்தனை முறை நிறுத்தாலும் அதே எடையைக் காட்டும். நம்பகத்தன்மையில் குறையே இல்லை. ஆனால் எல்லாக் கூடையும் 200 கிராம் கூடுதலாகத் தெரியும். இன்னொரு சுருள்வில் தராசில் வில் தளர்ந்துபோய், உண்மையான ஒரு கிலோவுக்கு முள் ஒன்றரைக் கிலோ அளவுக்கு ஓடுகிறது. அதுவும் மாறாமல் அப்படியே ஓடும். இரண்டு தராசும் தத்தம் அளவில் நம்பகமானவை; முதல் தராசில் நிறுத்த ராயக்கோட்டைத் தக்காளியையும் இரண்டாம் தராசில் நிறுத்த மாரண்டஅள்ளித் தக்காளியையும் ஒப்பிடுவதுதான் தவறு.

குழுக்களுக்கிடையே தராசு மாறவில்லை என்று காட்டுவதற்குப் பெயர் அளவீட்டு மாறாமை. அதைப் படிப்படியாகச் சோதிக்கிறார்கள். முதலில், ஆறு கேள்விகளும் எல்லாக் குழுவிலும் ஒரே மாதிரியாகத் தொகுகின்றனவா என்பது. அடுத்தது, உள்ளே இருக்கும் சார்பு ஒரு படி ஏறினால் கேள்வியின் மதிப்பெண்ணும் எல்லாக் குழுவிலும் ஒரே அளவு ஏறுகிறதா என்பது. தளர்ந்த வில் இங்கே அகப்படும். மூன்றாவது, உள்ளே ஒரே அளவு சார்பு உள்ள பாட்டனும் பேரனும் அந்தக் கேள்விக்கு ஒரே மதிப்பெண்தான் பெறுவார்களா என்பது. தட்டில் ஒட்டிய புளி இங்கே அகப்படும். மூன்றாம் படியைத் தாண்டினால்தான் சராசரிகளை ஒப்பிட உரிமை உண்டு. பல குழுக்களில் ஒரே நேரத்தில் இதைச் சோதிக்கும் கணக்கை 1971இல் வகுத்தவர் கார்ல் யோரெஸ்கோக். கேள்விகளைத் தந்த கார்லும் ஸ்வீடன்காரர், அவற்றைச் சோதிக்கும் கணிதத்தைத் தந்த கார்லும் ஸ்வீடன்காரர் என்பது தற்செயல்தான்.

கணினி மென்பொருளுக்கு அஞ்சுபவர்கள், ஒரே ஒரு கேள்வியை எடுத்து எளிய வழியிலும் பார்க்கலாம். தடைசெய்த இடம் பற்றிய கேள்வி ஒரு குழுவின் பக்கம் சாய்வானதா என்று அறிய வேண்டுமா? மற்ற ஐந்து கேள்விகளின் கூட்டுத்தொகையில் ஒரே மதிப்பெண் பெற்ற முதியவர்களையும் இளைஞர்களையும் தனியே எடுங்கள். மற்றவற்றில் சமமாக நிற்கும் இந்த இரு கூட்டத்தாரில், இந்தக் கேள்விக்கு மட்டும் இளைஞர்கள் மிகுதியாக ‘ஆம்’ என்கிறார்களா? ஒரு மதிப்பெண் மட்டத்தில் மட்டுமல்லாமல் 2, 3, 4 என ஒவ்வொரு மட்டத்திலும் அப்படியே நடக்கிறதா? நடந்தால், கேள்வி சார்பைத் தவிர வேறு எதையோ சேர்த்து அளக்கிறது. மட்டம் மட்டமாகப் பார்த்ததை ஒரே விடையாகச் சேர்க்கும் முறை மேன்டல், ஹேன்செல் ஆகிய இருவர் பெயரில் வழங்குகிறது. 1959இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் நோய்க்காரணங்களை ஆராய்வதற்காக அவர்கள் உருவாக்கியதைப் பின்னர் தேர்வு வினாக்களைச் சோதிப்பவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு தலைமுறையிலும் சில நூறு பேராவது இல்லாமல் இந்தச் சோதனைக்கு வலுவிராது என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். முப்பது முப்பது பேரை வைத்துச் செய்துவிட்டு ‘சாய்வு இல்லை’ என்று எழுதுவது, இருட்டில் தேடிவிட்டு ஊசி இல்லை என்பது போல.

சாய்வான கேள்வியைக் கண்டுபிடித்த பிறகு, கருவி முழுவதையும் தூக்கி எறிய வேண்டியதில்லை. சாயாமல் நிற்கும் கேள்விகளை நங்கூரமாக வைத்து, சாய்ந்தவற்றுக்கு மட்டும் குழுவுக்குத் தக்க மதிப்பு கொடுத்துக் கணக்கிடும் முறைகள் உள்ளன. விழித்ததிலிருந்து முதல் புகை வரையிலான நேரம், தனிக் கேள்வியாக நின்றே புகையை விடும் முயற்சியின் தோல்வியை முன்னறிவிக்கும் வலிமை உள்ளது என்பது பல ஆய்வுகளில் கண்டது. நிகோட்டின் சூயிங்கம்மில் 2 மில்லிகிராமா 4 மில்லிகிராமா என்பதைக்கூட, விழித்த அரை மணிக்குள் புகைப்பவரா என்று கேட்டே முடிவு செய்கிறார்கள். ஆகவே பலரும் இதையே நங்கூரமாகக் கொள்கிறார்கள். நானும் அதையே பரிந்துரைப்பேன், ஒரு திருத்தத்தோடு. கடிகாரத்தைப் பார்த்து எழாத முதியவரிடம் ‘5 நிமிடமா 30 நிமிடமா’ என்று கேட்டால் வருவது ஊகம். பல் விளக்குவதற்கு முன்னாலா, டீக்குப் பிறகா, கழனிக்குக் கிளம்பும்போதா என்று கேட்டால் வருவது நினைவு. ஆனால் இப்படி மாற்றினால் எல்லாத் தலைமுறையிடமும் மாற்றித்தான் கேட்க வேண்டும்.

சலித்ததும் சலிக்காததும்

கேள்விகள் எல்லாம் நேராகிவிட்டாலும் ஒரு பொறி மீந்திருக்கிறது, அது கேள்வியில் இல்லை, ஆளில் இருக்கிறது. பாட்டனாரோடு சேர்ந்து அந்தக் காலத்தில் பீடி பிடிக்கத் தொடங்கியவர்கள் எல்லோரும் இன்று நம் முன் இல்லை. எளிதாக விட முடிந்தவர்கள் நாற்பதிலும் ஐம்பதிலும் விட்டுவிட்டார்கள். மிகக் கடுமையாகப் புகைத்தவர்களில் பலர் இறந்துவிட்டார்கள். கேழ்வரகைச் சலித்தபின் சல்லடையில் நிற்பதைப் போல, எழுபது வயதிலும் புகைப்பவராக நிற்பவர் விட முடியாத வகையைச் சேர்ந்தவராகவே பெரும்பாலும் இருப்பார். பேரனின் கூட்டமோ இன்னும் சலிக்கப்படவில்லை. நாளைக்கு விடப்போகிறவர்களும் வாழ்நாள் முழுதும் விடமுடியாதவர்களும் அதில் கலந்தே இருக்கிறார்கள். சலித்த கூட்டத்தின் சராசரி உயர்ந்திருப்பதை வைத்து ‘அந்தத் தலைமுறையே அப்படி’ என்று சொல்ல முடியாது.

வயது, காலம், பிறப்புத் தலைமுறை ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்திருப்பது இதை இன்னும் இறுக்குகிறது. ஆய்வு நடந்த ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழித்தால் வயது. இரண்டு தெரிந்தால் மூன்றாவது தானாகவே முடிவாகிவிடும். ஆகவே ஒரே ஆண்டில் எடுத்த ஒரே ஆய்வில், முதியவர்களின் மதிப்பெண் உயர்ந்திருப்பது முதுமையாலா, அவர்கள் பிறந்து வளர்ந்த காலத்தாலா என்று எவ்வளவு கெட்டிக்காரக் கணக்காலும் பிரிக்க முடியாது. 2009–10இலும் 2016–17இலும் நடந்த தேசிய ஆய்வுகளைப் போல, ஒரே கேள்விகளை ஆண்டுகள் இடைவெளிவிட்டு மீண்டும் கேட்ட தரவு இருந்தால், அன்று 40 வயதாக இருந்தவர்களையும் பின்னாளில் 40 வயதானவர்களையும் அருகருகே வைக்கலாம். மாணவர் ஆய்வில் அதற்கு வழியில்லை. ஆனால் விட்டுவிட்டவர்களையும் தேடிப்பிடித்து, அவர்கள் புகைத்த காலத்தில் எப்படிப் புகைத்தார்கள் என்று கேட்கலாம். நினைவுப்பிழை வரும், ஆட்கள் சல்லடையில் சலிக்கப்பட்டதால் வரும் பிழையைவிட அது சிறியது என்று நினைக்கிறேன்.

சொற்களை நம்பாமல் உடலையே கேட்டுவிடலாம் அல்லவா? நிகோட்டினைக் கல்லீரல் கோட்டினின் என்ற பொருளாக மாற்றுகிறது. இதன் அரைவாழ்வு ஏறத்தாழ 16 முதல் 20 மணி நேரம் என்பதால், உமிழ்நீரிலோ சிறுநீரிலோ இதை அளந்தால் கடந்த இரண்டு மூன்று நாட்களில் உள்ளே போன நிகோட்டின் தெரியும்; பீடியா சிகரெட்டா என்ற பேதம் அதற்கு இல்லை. இன்னொரு நன்மையும் உண்டு. ஆலைக்குள் புகைக்க முடியாத பேரன், உதட்டுக்குள் புகையிலைப் பொட்டலத்தை ஒதுக்கிக்கொண்டு வேலை பார்ப்பவராக இருந்தால், சிகரெட் கேள்விகள் ஆறும் அதைப் பார்க்காமலே கடந்துபோயிருக்கும். குட்காவுக்கு 2013 முதல் தமிழ்நாட்டில் தடை என்பதால் கேட்டாலும் எளிதில் ஒப்புக்கொள்ள மாட்டார். கோட்டினின் ஒப்புக்கொள்ளும். ஆனால் கோட்டினின் அளப்பது உட்கொண்ட அளவை, தவிப்பை அல்ல. முதுமையில் நிகோட்டினை உடல் கழிக்கும் வேகமும் குறைகிறது. ஆகவே இதுவும் வெளியிலிருந்து சரிபார்க்க உதவும் துணைக்கோல்தான். ஃபேகர்ஸ்ட்ராமே 2012இல் ‘நிகோட்டின் சார்புச் சோதனை’ என்றிருந்த தம் சோதனையின் பெயரிலிருந்து நிகோட்டினை எடுத்துவிட்டு, ‘சிகரெட் சார்புச் சோதனை’ என்று அழைப்பதே பொருத்தம் என்று எழுதினார். நாம் அளப்பது ஒரு வேதிப்பொருளை மட்டுமல்ல என்பதை அவரே ஏற்றுக்கொண்டதாக இதைப் படிக்கலாம்.

இனி அந்தக் கற்பனைக் குடும்பத்தின் 8க்கும் 3க்கும் திரும்புவோம். தடைக் கேள்வியை ஒப்பீட்டிலிருந்து எடுத்துவிட்டால் பாட்டனார் 8, பேரன் 2. நோய்ப்படுக்கைக் கேள்வியையும் எடுத்தால் 7க்கு 2. ‘காலை’யை நம்பி நிற்கும் இரண்டு கேள்விகளும் இரவுமுறைக்காரருக்குப் பொருந்தாது என்று விலக்கினால் 5க்கு 2. பீடியின் எண்ணிக்கையைச் சிகரெட்டின் கோலில் வைக்க முடியாது என்று அதையும் ஒதுக்கினால், முதல் புகைக்கான நேரம் மட்டும் நிற்கிறது: 3க்கு 2. ஐந்து மதிப்பெண் தூரம் ஒன்றாகிவிட்டது. அந்த ஒன்றையும் பாருங்கள். பாட்டனாரின் பீடி இடுப்பு மடிப்பில் இருக்கிறது. பேரன் தங்கியிருக்கும் அறையில் வீட்டுக்காரர் புகைக்க விடுவதில்லை. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, மாடியிறங்கி, தெருமுனை டீக்கடையில் ஒத்தை சிகரெட் வாங்கிப் பற்றவைப்பதற்குத்தான் அந்த 20 நிமிடம் ஆகிறது. ஆகவே படிவத்தின் முதல் கேள்விக்குக் கீழே, சிகரெட்டை அறையிலேயே வைத்திருக்கிறாரா, கடை எவ்வளவு தொலைவு, எத்தனை மணிக்குத் திறக்கும் என்று கேட்டு எழுதிக்கொள்ள ஒரு வரி இடம் விட வேண்டும்.